பதினொரு ஒன்றுகள்

நடு ஆற்றில் பாதை நின்றுவிட்டது.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் பாதை என்பது கால் வைத்து நடக்கும் பாதை இல்லை. மோட்டார் சைக்கிள், ஓட்டோ, மரக்கறி மூட்டை, ஆட்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டையான இரும்புப் படகுக்கு அந்தப் பெயர். குருமண்வெளித் துறையில் ஏறினால் மண்டூர்த் துறையில் இறங்க இருபது நிமிடம் செல்லும். வாவியையும் நாங்கள் வாவி என்று சொல்வதில்லை. ஆறு என்றுதான் சொல்வோம்.

அன்று காலை தூறல். என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் பரீனா ரீச்சரும் நானும் ஒரு குடைக்குள் நெருக்கி நின்றோம். திடீரென்று இயந்திரத்தின் சத்தம் அடங்கியது. இரும்பில் தண்ணீர் மோதுவதும், வலை கட்டிய கம்பில் ஒரு நீர்க்காகம் சிறகு உதறுவதும் மட்டும் கேட்டன. பழுதாகிவிட்டது என்று நினைத்து, பால் கானோடு நின்றவர் “இண்டைக்கும் பிந்தினதுதான்” என்று அலுத்துக்கொண்டார்.

பழுது ஒன்றும் இல்லை. இயந்திரத்தை நிறுத்தியது பாதை ஓட்டும் யோகண்ணன்தான். தலையில் ஒரு பொலித்தீன் பையைக் கவிழ்த்திருந்தார். ஒரு கொப்பியை மழை படாமல் மார்போடு அணைத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிள்களுக்கு இடையால் புகுந்து என்னிடம் வந்தார்.

“ரீச்சர்,” என்றார்.

“என்ன அண்ணன்? இஞ்சின் நிண்டிட்டா?”

“இஞ்சின் கிடக்கட்டும். பிரிஞ்சிட்டு ரீச்சர். நம்மட பதினொரு ஒண்டு பிரிஞ்சிட்டு.”

பரீனா ரீச்சரின் கையில் இருந்த குடை சாய்ந்து, மழை என் தோளில் விழுந்தது.

இந்தத் தொடரில் இதுவரை நான் படித்த, படிப்பித்த பள்ளிக்கூடங்களைப் பற்றியே எழுதிவந்தேன். இந்த வாரம் எழுதப்போவது பள்ளிக்கூடத்துக்கு வெளியே, தண்ணீருக்கு மேல் நடந்தது. அந்தத் தூறலுக்கு வருவதற்கு முன்பு கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கணிதம் மட்டும்

களுவாஞ்சிக்குடியில் இருந்து மண்டூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு நான் மாற்றம் பெற்று வந்து மூன்றாம் வருசம் அது. காத்தான்குடியில் இருந்து பஸ்ஸில் வரும் பரீனா ரீச்சரும் நானும் தினமும் முதல் பாதையில் ஏறுவோம். நான் ஏறியதும் மோட்டார் சைக்கிள் சீற்றில் பிள்ளைகளின் கொப்பிகளை அடுக்கி வைத்துத் திருத்தத் தொடங்கிவிடுவேன். பாதையில் காற்று பக்கங்களைப் புரட்டும். ஒரு கையால் அமத்திக்கொண்டு மறு கையால் சரி போடுவேன்.

யோகண்ணன் அப்போது எங்களோடு பேசுவதே இல்லை. நாற்பதைத் தாண்டிய, மெலிந்த, வெயிலில் கறுத்த மனிதர். ஒரு ஓட்டோவும் எட்டு மோட்டார் சைக்கிளும் ஏறினால் எந்தப் பக்கம் எத்தனை பேர் நிற்க வேண்டும் என்பதைப் பார்வையிலேயே கணிப்பார். கையைக் காட்டுவார், நாங்கள் நகர்வோம். அவ்வளவுதான் பழக்கம்.

ஒரு நாள் மண்டூர்த் துறையில் நான் இறங்கும்போது சட்டைப் பையில் இருந்து நான்காக மடித்த ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். அவர் தற்காலிக ஊழியர். பன்னிரண்டு வருசமாகத் தற்காலிகம். நிரந்தர நியமனம் கொடுக்கலாம், ஆனால் பதினோராம் தரத்துப் பிள்ளைகள் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியடைந்திருக்க வேண்டும் என்று கடிதம் சொன்னது.

“மத்த எல்லாம் பாஸ் ரீச்சர். கணிதம் மூண்டு தரம் எடுத்தன். மூண்டு தரமும் போயிட்டு. பிரச்சினை நேரம், அகதி முகாமில இருந்து எடுத்த சோதினை. இப்ப மறுகா எடுக்கலாம் எண்டுறாங்க. அடுத்த வருசத்தோட எனக்கு வயசு போயிடும்.”

“எது கஷ்டம் அண்ணன்?”

அவர் சுற்றிப் பார்த்தார். துறையில் ஆட்கள் நின்றார்கள். குரலைத் தாழ்த்தினார்.

“பிரிக்கத் தெரியா.”

கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றும் வரும். பெரிய எண்ணைப் பெரிய எண்ணால் வகுக்கச் சொன்னால் கை நின்றுவிடும். நம் நாட்டுச் சாதாரண தரக் கணிதப் பரீட்சைக்குக் கல்குலேட்டர் கொண்டுபோக முடியாது. வகுக்கத் தெரியாதவருக்குப் பின்னமும் வராது, சதவீதமும் வராது. மூன்று தடவையும் அவரை விழுத்தியது அதுதான்.

“நாளைக்கு ஒரு கொப்பி கொண்டு வாங்க,” என்றேன்.

“இருக்கும் எண்டா?”

முதல் இரண்டு வாரம் நான் புத்தகத்தில் இருந்து கணக்குக் கொடுத்தேன். செய்தார். சரிவந்தது பாதி, பிழைத்தது பாதி. ஆனால் அவருக்கு அதில் ருசி பிடிக்கவில்லை.

“பின்பக்கத்தில விடை கிடக்கு. ஆரோ செய்து முடிச்ச கணக்க நான் ஏன் திரும்பச் செய்யிறன்?”

அந்த வாரம் நான் ஒன்பதாம் தரத்துக்காக ஒரு பயிற்சி தயாரித்துக்கொண்டிருந்தேன். ஒன்று என்ற இலக்கத்தை மட்டும் வைத்து எழுதும் எண்கள். 11 எதாலும் பிரியாது. அது முதன்மை எண். அதாவது, ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியின்றி வகுபடாத எண். 111 பிரியும்: மூன்று தர முப்பத்தேழு. 1111 என்பது பதினொன்று தர நூற்றொன்று. ஐந்து ஒன்று போட்டால் 41 தர 271. ஏழு ஒன்று போட்டால் 239 தர 4649.

நான் கொப்பியில் எழுதிக்கொண்டு போவதை யோகண்ணன் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஆறு, எட்டு எல்லாம் ஏன் விட்டயள்?”

“அதெல்லாம் லேசு அண்ணன். ஆறு ஒண்ட ரெண்டு ரெண்டாக் கூறு போடலாம். அதால பதினொண்டால பிரியும். ஒன்பத மூண்டு மூண்டாப் போடலாம். கூறு போட ஏலாத எண்ணிக்கைதான் கஷ்டம். ரெண்டு, மூண்டு, அஞ்சு, ஏழு. அதுக்கு அடுத்தது பதினொண்டு.”

“அது எதால பிரியும்?”

நான் பதினொரு ஒன்றையும் எழுதினேன். 11,111,111,111. தமிழில் வாசித்தால் ஆயிரத்து நூற்றுப் பதினொரு கோடியே பதினொரு இலட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று. ஏழு, பதின்மூன்று, பதினேழு என்று சிறிய எண்கள் சிலவற்றை மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். எதுவும் சரிவரவில்லை. பாதை துறையை நெருங்கிக்கொண்டிருந்தது.

“அது முதன்மை எண்ணா இருக்கும்,” என்றேன்.

யோகண்ணன் என்னைப் பார்த்தார். “இருக்கும் எண்டா? தெரியுமா, தெரியாதா?”

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருசம் கணிதம் படிப்பித்த வாய். தெரியாது என்ற சொல் அதில் இருந்து லேசில் வராது. “முதன்மைதான்,” என்று அடித்துச் சொன்னேன். அன்று வகுப்பிலும் கரும்பலகையில் எழுதி அதையே சொன்னேன். முப்பத்திரண்டு பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த நாள் யோகண்ணன் மொத்த அட்டை போட்ட புதுச் சி.ஆர். கொப்பி ஒன்றோடு நின்றார். முதல் பக்கத்தின் தலையில் பதினொரு ஒன்று.

“ரீச்சர் பிழையாச் சொல்ல மாட்டயள். எண்டாலும் நான் ஒருக்காப் பிரிச்சுப் பார்க்கிறன். இதுக்குப் பின்பக்கத்தில விடை இல்லத்தானே?”

பரீனா ரீச்சர் சிரித்தார். “போன்ல போட்டா ஒரு செக்கன்ல காட்டும் அண்ணன்.”

“வேணாம். சோதினை மண்டபத்துக்குள்ள போன் கொண்டு போக ஏலா. போன் தொடக் கூடா. ரீச்சரும் தொடக் கூடா.”

நான் ஒத்துக்கொண்டேன். பரீனா ரீச்சர் தன் போனைக் கைப்பைக்குள் போட்டார்.

துறையில் நின்ற வரிசை

இதே துறையில் நான் பள்ளிக்கூடப் பிள்ளையாக நின்ற நாட்கள் இருக்கின்றன. அது யுத்த காலம். பாதையில் ஏறுவதற்கு முன்பு வரிசை. ஆமிக்காரர் அடையாள அட்டையைப் பார்த்து எண்ணை எழுதிக்கொண்ட பிறகுதான் விடுவார்கள். அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அம்மாவின் உள்ளங்கை வியர்த்திருக்கும். என்னிடம் அட்டை இல்லாததால் அம்மாவின் அட்டையை நான்தான் பிடித்திருப்பேன்.

வரிசை நகரும் வரைக்கும் அந்த ஒன்பது இலக்கங்களையும் நான் வகுத்துக்கொண்டு நிற்பேன். ஏழால், பதினொன்றால், பதின்மூன்றால். மீதி இன்றிப் பிரிந்தால் ஒருவரும் எங்களை ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன். ஒன்றாலும் பிரியாத நாட்களிலும் விட்டுவிடுவார்கள் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வருசம் சென்றது. பயந்த பிள்ளைக்குக் கையில் ஒரு வேலை வேண்டும். எனக்குக் கிடைத்த வேலை வகுத்தல். நான் கணிதத்துக்கு வந்தது அந்த வழியால்தான்.

ஆகவே, ஒரு மனிதர் கவலையோடு ஒரு பெரிய எண்ணை வகுத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு அது விசராக, பைத்தியக்கார வேலையாகத் தெரியவில்லை.

ஆயிரத்து முந்நூற்றொன்று

ஒரு எண்ணைச் சிறிய எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. முதன்மை எண்களால் மட்டும் பார்த்தால் போதும். ஆயிரத்துக்குள் அப்படி நூற்று அறுபத்தெட்டு இருக்கின்றன. பட்டியலை நான் போட்டுக் கொடுத்தேன். காலையில் மூன்று, பின்னேரம் மூன்று, இடைநேரத்தில் துறையில் கட்டிவிட்டு இன்னும் இரண்டு என்று அவர் வகுத்தார்.

தொடக்கத்தில் ஒரு கணக்குக்கு ஒரு முழுப் பயணமும் தேவைப்பட்டது. இலக்கத்தை இறக்க மறப்பார். ஈவில் பூச்சியம் போட மறப்பார். நான் சுட்டிக்காட்டுவேன். அழித்துவிட்டு மறுபடியும் தொடங்குவார். ஒரு மாதம் போனபோது மறதி குறைந்தது. ஆயிரம் முடிந்தது. ஒன்றாலும் பிரியவில்லை. ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு. எனக்குள் ஒரு சின்னத் திருப்தி இருந்தது. நான் சொன்னது சரியாகத்தான் வரப்போகிறது.

ஒரு நாள் பின்னேரம் அவர் துறையிலேயே எனக்காகக் காத்து நின்றார். முகம் எல்லாம் சிரிப்பு.

“ஆயிரத்து முந்நூற்றொண்டு! மீதி இல்ல!”

பாதையில் வருகிற எல்லோருக்கும் முன்பே சொல்லிவிட்டிருந்தார். ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். நான் கொப்பியை வாங்கி மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆறாவது வரியில் ஒரு கழித்தல். மேலே கடன் வாங்கிய ஒன்றைக் கழிக்காமல் விட்டிருந்தார். அதற்குப் பிறகு வந்த எல்லாம் பிழை. கடைசியில் பூச்சியம் வந்தது தற்செயல்.

விரலை அந்த வரியில் வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

“சின்னப் பிள்ளை விடுற பிழை,” என்றார்.

அடுத்த நாள் கொப்பி வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. முன்னைப் போலவே கையைக் காட்டினார், நாங்கள் நகர்ந்தோம். ஒரு கிழமை கழித்து நானே போய்க் கேட்டேன்.

“சோதினைக்கு விண்ணப்பம் அனுப்பிட்டீங்களா அண்ணன்?”

“அனுப்பல்ல. இது நமக்குச் சரிவராது ரீச்சர். விடுங்க. பன்னிரண்டு வருசம் தற்காலிகமா ஓட்டினவனுக்கு இன்னும் பத்து வருசம் ஓட்ட ஏலாதா?”

விண்ணப்ப முடிவுத் தேதிக்குப் பத்து நாட்கள்தான் இருந்தன. இந்த எண்ணை அவர் தலையில் கட்டியது நான். புத்தகக் கணக்கில் பிழைத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஊரே பார்க்கும்படி பிழைக்க வைத்தது என்னுடைய பதினொரு ஒன்று. இரண்டு இரவு எனக்குச் சரியாக நித்திரை இல்லை.

ஒன்றைக் கழித்தால்

தவணைப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. மேற்பார்வைக்கு நின்ற நான், மிஞ்சிய ஒரு வினாத்தாளின் பின்பக்கத்தில் சும்மா எழுதிக்கொண்டிருந்தேன். ஐந்து ஒன்று: 41, 271. ஏழு ஒன்று: 239, 4649.

இந்த எண்களில் இருந்து ஒன்றைக் கழித்தால் என்ன வரும்? 40, 270. இரண்டும் ஐந்தால் பிரியும். அடுத்தது 238, 4648. ஏழால் வகுத்துப் பார்த்தேன். இரண்டும் பிரிந்தன.

பென்சிலை வைத்துவிட்டு எழுந்து மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். ஐந்து ஒன்றுக்கு ஐந்து, ஏழு ஒன்றுக்கு ஏழு. அப்படியென்றால் பதினொரு ஒன்றைப் பிரிக்கக்கூடிய எண் ஒன்று இருந்தால், அதில் ஒன்றைக் கழித்தால் மீதி பதினொன்றால் பிரிய வேண்டும்.

வீட்டுக்குப் போனதும் அலுமாரிக்கு மேல் கிடந்த பல்கலைக்கழகக் குறிப்புக் கொப்பிகளை இறக்கினேன். தூசு தட்டித் தேடியபோது காரணமும் கிடைத்தது. நானே என் கையால் எழுதி, பரீட்சைக்குப் பாடமாக்கி, மறந்துபோன ஒரு தேற்றம். இந்த வழியில் போனால் பத்து முதன்மை எண்களில் ஒன்பதைத் தொடத் தேவையில்லை.

காலையில் பாதையில் ஏறியதும் நேராக இயந்திரத்தடிக்குப் போனேன். சத்தத்துக்கு மேலால் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. நாற்பதும் இருநூற்று எழுபதும் என்று தொடங்கி எல்லாவற்றையும் காட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு என் கையில் இருந்த தாளை வாங்கி 4648ஐத் தானே ஏழால் வகுத்துப் பார்த்தார். என் சொல்லை அவர் சும்மா நம்புவதை எப்போதோ விட்டிருந்தார்.

“அப்ப நான் செய்த இருநூறுக்கு மேல?”

“இருபது போதும் அண்ணன்.”

“மத்த எல்லாம் சும்மாவா செய்தன்?”

பொய் சொல்ல மனம் வரவில்லை. “ஓம். தேவையில்லாமத்தான் செய்திருக்கிறம்.”

அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் தாளைத் திருப்பி, பதினொரு ஒன்றை எழுதி, அதை இருபத்துமூன்றால் வகுக்கத் தொடங்கினார். ஒரு கை இயந்திரத்தின் பிடியில். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. குருமண்வெளித் துறையில் நிற்கும் தென்னைகள் கண்ணுக்கு மறைவதற்கு முன்பே முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“மீதி பத்து. சரியா?”

“சரி.”

“முந்தி இதுக்கு மண்டூர் போய்ச் சேரும் மட்டும் செல்லும் ரீச்சர்,” என்றார். பிறகு, “விண்ணப்பத்துக்குக் கடைசித் திகதி எப்ப?” என்று கேட்டார்.

மறுபடியும் தூறல்

ஆயிரத்து முந்நூற்று இருபத்தொன்றில் இருந்து புதிய பட்டியல் தொடங்கியது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் அந்த வாரத்துக்கான எண்களைக் கொடுப்பேன். இரண்டாயிரம், ஐயாயிரம், பத்தாயிரம். எண்கள் பெரிதாகப் பெரிதாக வகுத்தல் நீண்டது. பிழை வரவில்லை. விடையும் வரவில்லை.

பதினைந்தாயிரம் தாண்டியபோது பரீட்சைக்கு ஒரு மாதமே இருந்தது. முதன்மை எண் என்று நிச்சயமாகச் சொல்வதென்றால் அதன் வர்க்கமூலம் வரைக்கும், அதாவது ஒரு இலட்சத்து ஐயாயிரம் வரைக்கும் போக வேண்டும். பட்டியலில் இன்னும் எண்ணூறு எண்கள்.

“இது முதன்மை எண்டே வைப்பம் அண்ணன். இனிக் கடந்தகால வினாத்தாள் செய்வம்,” என்றேன்.

வழக்கமாக இந்த விசயத்தில் வாய் திறக்காத பரீனா ரீச்சர் அன்று குறுக்கிட்டார். “டீச்சர், இன்னும் கொஞ்சம் பாருங்களேன். இவ்வளவு வந்துட்டு விடுறதா?”

யோகண்ணனும் விடுவதாக இல்லை. காலைப் பாதையில் எண், பின்னேரப் பாதையில் வினாத்தாள் என்று முடிவானது. அப்படித்தான் அந்தத் தூறல் காலை வந்து சேர்ந்தது.

“எது?” என்று கேட்டேன்.

“இருபத்தோராயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பது. நான் ரெண்டு தரம் செய்தன். ஆயிரத்து முந்நூற்றொண்டு மாதிரி இல்ல ரீச்சர். ரெண்டு தரம் செய்தன்.”

ஈவு 513239 என்று கொப்பியில் இருந்தது. நான் வகுத்தலைப் பார்க்கவில்லை. புதிய பக்கத்தைத் திருப்பி, அந்த இரண்டு எண்களையும் பெருக்கத் தொடங்கினேன். பரீனா ரீச்சர் கொப்பிக்குக் குடை பிடித்தார். ஐந்து வரி எழுதிக் கோடு கீறினேன். இனிக் கூட்ட வேண்டும்.

வலது பக்கத்தில் இருந்து வந்தேன். ஒன்று. அடுத்தது ஐந்தும் ஆறும் பதினொன்று, ஒன்று. அடுத்ததும் ஒன்று. நான்காவதில் முப்பத்தொன்று வந்தது. ஒன்றைப் போட்டு மூன்றைக் கொண்டுபோனேன். ஒவ்வொரு நிரலிலும் இந்த முறை இரண்டோ மூன்றோ வந்துவிடுமோ என்று என் பென்சில் தயங்கியது. ஒன்று. ஒன்று. பால் கான்காரர் கானைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். விசயம் விளங்காமலே அவரும், “ஒண்டு... ஒண்டு...” என்று எண்ணத் தொடங்கினார்.

பதினொரு தரம் எண்ணினார்.

நான் யோகண்ணனைப் பார்த்தேன். ஐந்து மாதத்துக்கு முன்பு இதே இடத்தில் நின்று நான் அடித்துச் சொன்ன பொய் இப்போது என் கையெழுத்திலேயே உடைந்து கிடந்தது. அப்படியொரு சந்தோசம் எனக்கு அதற்கு முன்பு வந்ததில்லை.

“நான் சொன்னது பிழை அண்ணன். இது முதன்மை எண் இல்ல.”

அவர் கையால் முகத்தைத் துடைத்தார். மழையா வேறா தெரியவில்லை. அதற்குள் பின்னால் இருந்து ஒரு பெண் கத்தினாள்: “ஐயோ, பாதை ஆற்றுவாழைக்குள்ள போகுது!”

போய்க்கொண்டுதான் இருந்தது. காற்று எங்களை ஒதுக்கிக் கொண்டுபோய்ப் பச்சைப் பசேலென்று மிதந்த ஆற்றுவாழைச் செடிகளுக்குள் செருகிவிட்டது. யோகண்ணன் இயந்திரத்துக்கு ஓடினார். ஆண்கள் எல்லோரும் கம்பு எடுத்துத் தள்ளினார்கள். அன்று பள்ளிக்கூடத்துக்கு முக்கால் மணித்தியாலம் பிந்திப் போனோம்.

துறையில் இருந்து நடக்கும்போது பரீனா ரீச்சர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“டீச்சர், ஏசக்கூடா. எனக்கு இது முதல் நாளே தெரியும். அண்டைக்கு அவர் போன் தொடக் கூடாண்டு சொல்லக்குள்ளயே நான் ராவு வீட்ட போய்ப் பார்த்துட்டன். அஞ்சு மாசமா வயித்துக்குள்ள வச்சிருந்தன். நீங்க பதினையாயிரத்தோட விடுவம் எண்டு சொன்ன அண்டைக்கு எனக்கு உசிரே போயிட்டு.”

பிறகு நடுத்தெருவில் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி விலகிப் போனார்.

அன்று ஒன்பதாம் தரத்துக்குப் போய்ப் பதினொரு ஒன்றையும் மறுபடி எழுதினேன். “இது முதன்மை எண் எண்டு நான் சொன்னது பிழை. தெரியாமச் சொன்னனான்,” என்றேன். முன்வரிசைப் பிள்ளை ஒன்று கேட்டது: “அப்ப ஆர் ரீச்சர் கண்டுபிடிச்ச?” பாதை ஓட்டும் யோகநாதன் என்று சொன்னேன். மறுநாள் முதல் பிள்ளைகள் அவருக்கு வணக்கம் சொல்லத் தொடங்கினார்கள். அது அவருக்குக் கடைசி வரைக்கும் கூச்சமாகவே இருந்தது.

சாதாரணம்

பரீட்சை மண்டபத்துக்கு வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். மேற்பார்வையாளர் என்று நினைத்துப் பிள்ளைகள் எழும்பி நின்றார்களாம். வெளியே வந்ததும் எனக்கு அழைப்பு எடுத்தார். குரலில் குறை.

“பதினொரு இலக்கத்தப் பிரிக்கச் சொல்லி ஒரு இடத்திலயும் கேக்கல்ல ரீச்சர்.”

முடிவு வந்த காலையில் அவர் போனைத் தொடவில்லை. பரீட்சைச் சுட்டெண் எழுதிய தாளை என்னிடம் தந்துவிட்டு இயந்திரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார். அந்த எண்ணின் கீழே அதன் காரணிகளை ஏற்கெனவே பிரித்து எழுதியிருந்தார். நான் தட்டிப் பார்த்தேன்.

“எஸ்,” என்றேன்.

“எஸ் எண்டா?”

“சித்தி அண்ணன். சாதாரண சித்தி.”

அவர் கயிறு கட்டும் இரும்புக் கட்டையில் இருந்துவிட்டார். “சாதாரணம் போதும் ரீச்சர். சாதாரணம்தானே எனக்கு வேணும்.” மனைவிக்கு அழைத்து, “விமலா, சாதாரணமாப் பாஸாயிட்டன்,” என்றார். மறுமுனையில் அவர் மனைவி அலறிய சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

நியமனக் கடிதம் வர இன்னும் சில மாதங்கள் சென்றன. வந்தது. அதே பாதையில், அதே இயந்திரத்தடியில்தான் இப்போதும் நிற்கிறார்.

எண்ணை அவர் விடவில்லை. அடுத்தது பதின்மூன்று ஒன்று. ஒரு வருசம் ஆகும் என்று நினைத்து இரண்டு சி.ஆர். கொப்பி வாங்கி வந்தார். ஒன்றைக் கழித்தால் பதின்மூன்றால் பிரிய வேண்டும் என்ற கணக்கில் முதலாவதாக வந்தது ஐம்பத்துமூன்று. முதல் வகுத்தலிலேயே மீதி பூச்சியம். அவருக்குச் சரியான கோபம்.

“என்ன ரீச்சர் இது, ரோசம் இல்லாத எண்ணா இருக்கு!”

கொப்பி இரண்டும் மிஞ்சியதால் பதினேழு ஒன்றுக்குப் போய்விட்டார். இது மூன்றாவது வருசம். “இது எப்பிடி ரீச்சர்? முதன்மையா இருக்குமா?” என்று ஒரு நாள் கேட்டார்.

“தெரியா அண்ணன். நீங்க பாத்திட்டுச் சொல்லுங்க,” என்றேன்.

அன்றைக்கு அது உண்மை. அன்று பின்னேரமே வீட்டில் போனை எடுத்துப் பார்த்துவிட்டேன். பரீனா ரீச்சரிடம்கூடச் சொல்லவில்லை. அவரும் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் தினமும் காலையில் அவருக்குப் பக்கத்தில் நின்று ஆற்றைப் பார்க்கிறோம்.

யோகண்ணன் இந்த வாரப் பத்திரிகை வாங்கி இந்தப் பக்கத்தை வாசிப்பார். அதனால் பதினேழு ஒன்று பிரியுமா பிரியாதா என்பதை நான் இங்கே எழுதவில்லை. உங்களில் யாராவது மண்டூர்ப் பக்கம் வந்து, பாதையில் ஏறி, ஒரு கையில் பென்சிலும் மறு கையில் இயந்திரப் பிடியுமாக ஒரு மனிதரைக் கண்டால், தயவுசெய்து நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.